ஊட்டிவிட்ட பேரிக்காய்

பாயான் லெப்பாஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் பேத்தியின் பிறந்தநாளுக்கு மேல்மாடிக்காரர் தன் சின்ன மகளோடு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஓரமாக உட்கார்ந்து, தோல் துளியும் ஒட்டாதபடி ஒரு பேரிக்காயைச் சீவினார்.

எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. எண்ணிப் பார்த்தால் இரண்டு தட்டுப் பிரியாணி மிஞ்சியிருந்தது.

"பிரியாணி எடுக்கலையா தம்பி?"

"வேணாம் அங்கிள். கலர் போட்டது எதுவும் பாப்பாவுக்கு ஒத்துக்காது. ராவெல்லாம் சொறிஞ்சிக்கிட்டு அழுவா."

"அவளுக்குத்தானே? நீங்க சாப்பிடலாம் லா!"

"அவ பார்த்துக்கிட்டு இருப்பாளே, அங்கிள்."

கேக் வெட்டியதும் பேத்தி ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிக்கொண்டே வந்தாள். சிவப்புத் துண்டு அந்தச் சிறுமியிடம் வந்தபோது அவள் ஆசையாக வாயைத் திறந்துவிட்டாள். எனக்குப் பதறியது. அவர் சிரித்தபடி பேரிக்காய்த் துண்டுகளை நீட்டினார்.

"இத ஊட்டும்மா. எனக்கும் ஒண்ணு."

பேத்தி இருவருக்கும் ஊட்டினாள். சிறுமி அப்பாவைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

பிறகு அவள் மற்றப் பிள்ளைகளோடு உள்ளறைக்கு விளையாட ஓடிவிட்டாள். இனிமேல் சாப்பிடுவார் என்று ஒரு தட்டுப் பிரியாணியை அவர் பக்கத்தில் வைத்தேன். கிளம்பும்வரை அவர் அதைத் தொடவில்லை. மகள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.