மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

தெசெம்போக்கே கடற்கரையில் ஹெர்மினியாவின் வாய்க்குத் தப்பியவர் எவருமில்லை, மருமகன் கந்திதோவைத் தவிர. மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது கோம்காக் சனங்களிடம் கிடையாது. பேசினால் ஊர் சிரிக்கும். மகள் அமேலியாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே அடுப்புதான். ஆனால் இவள் வந்தால் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இவள் மகளிடம் சொல்வாள். மகள் இல்லையென்றால் நாயிடம் சொல்வாள்.

"இந்த வீட்டு ஆம்பளைக்கு விறகுன்னா என்னன்னு தெரியுமான்னு கேளு நாயே" என்பாள். பொழுது சாய்வதற்குள் விறகு வந்துவிடும்.

ஆமை குத்தும் ஈட்டியில் முனையை ஒட்டிக் கொடுப்பது ஹெர்மினியாவின் வேலை. அதற்குப் பசை வெள்ளிலைச் செடியின் பிசின்தான். மஞ்சள் பூவுக்குக் கீழே கிளையில் கசிவது பார்க்கப் பளபளவென்றிருக்கும், மென்றால் வாய் மணக்கும், அவ்வளவுதான். தூரோடு மண் அப்பிப் பழுப்பாய்க் கிடக்கிறதே, அதைத் தோண்டி எடுத்துக் காய்ச்சினால்தான் கடலில் நிற்கும்.

பேத்தி வயசுக்கு வந்திருந்தாள். விருந்துக்கு ஆமைக்கறி இல்லாவிட்டால் மானம் போய்விடும். பேத்திக்கு முகத்தில் வர்ணம் தீட்டுவதில் ஹெர்மினியா மும்முரமாக இருக்க, கந்திதோ பொறுக்க மாட்டாமல் தானே ஈட்டியை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அடுப்புக்கு வந்தவள் பார்த்தால், அங்கே கிடந்ததெல்லாம் சுரண்டிப் போட்ட மேல்கிளைகள். சொல்லி அனுப்ப ஆள் தேடினாள். மகள் தண்ணீருக்குப் போயிருந்தாள், நாயும் பின்னாலேயே போயிருந்தது.

கிழவி கரைக்கு ஓடினாள். படகு அலையைத் தாண்டியிருந்தது. "கடலே, அந்த ஈட்டி நிக்காதுன்னு சொல்லு" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் "கந்திதோ" என்று கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அன்றுதான்.

அவன் தோள்கள் விறைத்ததை அவள் பார்த்தாள். குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும். மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை தெரிந்தவன் என்ன செய்வானோ, அதையே அவனும் செய்தான். தலையைக் குனிந்துகொண்டு துடுப்பை வேகமாகப் போட்டான்.

மத்தியானம் வேறொரு படகுக்காரன் வந்து சொன்னான். பெரிய ஆமையாம். உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துக் குத்தியபோது முனை கழன்றுகொள்ள, வெறும் கம்போடு கந்திதோ தலைகுப்புற விழுந்தானாம். தீவுப் பக்கத்து நீரோட்டம் அவனை விடவில்லை. படகை மட்டும் இழுத்து வந்திருந்தார்கள்.

அழ வந்த பெண்கள் அமேலியாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "உங்கம்மா மாதிரி மாமியா யாருக்குடி வாய்க்கும்? கடைசி வரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே" என்றாள்.

"நான் கூப்பிட்டேன்" என்றாள் ஹெர்மினியா. "நல்லா வளத்த பிள்ளை. திரும்பியே பாக்கல."