வானம்பாடி கூப்பிட்ட இடத்தில் ஒரு வெளிமான் குட்டி

போன வருடம் மாசி மாதம், விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல். ட்ரோனில் மருந்து தெளிப்பது என் வேலை. அன்று காலை நடந்தது இது:

1. மின்கம்பி, மரம் இருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல் வரப்பில் சுற்றி நடந்தேன்.

2. காலடியிலிருந்து ஒரு வானம்பாடி எழுந்து, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு கொல்லைக்குள் ஓடியது. பாவம் என்று பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் ஜம்மென்று பறந்துவிட்டது. வரப்போரக் கூட்டிலிருந்து என்னை விலக்கத்தான் அத்தனை நடிப்பும்.

3. அது என்னை விட்டுப்போன இடத்தில், செடிகளுக்குள் ஒரு வெளிமான் குட்டி அசையாமல் படுத்திருந்தது. தாயைக் காணோம்.

கொல்லைக்காரர்களான கணவன் மனைவியைக் கூப்பிட்டேன். அந்த அக்கா முந்தானையை விரித்துக்கொண்டு குனிந்தார்.

“தாயி உட்டுட்டுப் போயிருக்குது. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி ஆட்டுப்பால் குடுக்கறேன்.”

“குருவி புள்ளைக்காக எம்மாம் நாடகம் போட்டுது! இந்த மானு ஜாலியா மேயப் போயிடுச்சு பாரு,” என்றார் அவர் கணவர்.

“ஆமா, உன்னாட்டம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், குட்டி இருக்குமிடம் தெரிந்துவிடக் கூடாது என்றே மான் தள்ளிப் போயிருந்தால்?

“தொடாதீங்கக்கா. தள்ளி நின்னு பார்க்கலாம்.”

“நாய் இழுத்துக்கினு போனா நீ பதில் சொல்லுவியா?”

வனத்துறைக்குப் போன் செய்தேன். அவர்களும் காத்திருக்கவே சொன்னார்கள்.

தெளிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மூவரும் தூரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் வந்த நாய்களை அக்காவே கம்போடு துரத்தினார். மதியம் போயிற்று. மான் வரவில்லை. என் பேச்சால் குட்டி செத்துவிடுமோ என்று அடிக்கடி எழுந்து எட்டிப் பார்த்தேன்.

வெயில் சாய்ந்தபோது புதரோரம் ஒரு பெட்டைமான் வந்து நின்றது. நெடுநேரம் எங்களையே பார்த்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கொல்லைக்குள் இறங்கியது. அதுவரை கல்லாகக் கிடந்த குட்டி துள்ளி எழுந்து மடியை முட்டியது.

“நாம குந்திக்கினு இருந்ததாலதான் அது வரல போல. ஜல்தி எழுந்திரு,” என்று கணவரை இழுத்துக்கொண்டு நடந்தார் அக்கா.

மறுநாள் குட்டி அங்கே இல்லை. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கூடு இருந்த மூலையை விட்டுவிட்டு மீதிக்கு மருந்து அடித்தேன். இப்போதெல்லாம் வரப்போடு நிற்பதில்லை; செடிகளுக்குள்ளும் ஒருமுறை நடந்து பார்த்த பிறகே ட்ரோனைக் கிளப்புகிறேன்.