கோயில் இல்லாத ஊரில் செக்ஸ்டனுக்கு என்ன வேலை?

1. கூரை விழுந்த சனிக்கிழமை

முன்வரிசை பெஞ்சைத் துடைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வாளியோடு வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் கூரைப் பூச்சு மொத்தமாக அந்தப் பெஞ்சின் மேல் விழுந்து கிடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "காலையில் ஆராதனை எங்கே?" என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செக்ஸ்டன் என்றால் ஆலயத்தைத் திறக்கிறவர், பெருக்குகிறவர், மணி அடிக்கிறவர், பாட்டு நம்பர் பலகையில் எண் மாட்டுகிறவர், அப்பமும் திராட்சரசமும் பரிமாறும் இராப்போஜனப் பாத்திரங்களைத் துலக்கி வைக்கிறவர், எல்லாரும் போன பிறகு பூட்டுகிறவர். திருமுல்லைவாயிலில் எங்கள் ஆலயத்துக்குப் போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். நான் மட்டும் அங்கேயே இருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. ஆண்டவரின் வீட்டுக்கு நான்தான் வீட்டுக்காரன் என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பார்க்க வந்த இன்ஜினியர் கூரையை ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு துண்டு விழுந்தது. "மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. யாரையும் உள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போதகர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, சபையில் ராணி என்ற அம்மா முன்னால் வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தையல் வேலை செய்பவள்.

"ஐயா, எங்க ஊட்ல வெச்சிக்கலாம். ஹால் பெருசாத்தான் கீது. வாசல்ல ஷீட் போட்டிருக்கு. பக்கத்து ஊட்ல சேர் தருவாங்க."

ஒரு ஞாயிறு, மிஞ்சினால் இரண்டு ஞாயிறு என்று நினைத்தேன். மழைக்காலத்தில் மூடிய ஆலயம் திறக்கும்போது மாம்பழ சீசன் வந்துவிட்டது.

2. பஞ்சு மிட்டாய்

மேசை விரிப்பு, சிலுவை, நம்பர் பலகை, பாத்திரப் பெட்டி, எல்லாவற்றையும் மொபெட்டில் கட்டி ராணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரிய மணியைக் கழற்ற முடியாது. மணி இல்லாமல் ஆராதனை தொடங்கினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் பீரோவில் கிடந்த பழைய கைமணியை எடுத்துப்போய் ராணி வீட்டு கேட்டில் நின்று அடித்தேன். பக்கத்து வீட்டு பர்வீன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாண்ணே, பஞ்சு மிட்டாயா?"

தெருவே சிரித்தது. போதகரும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ராணி வீட்டு ஹாலில் ஒரு மூலையில் கட்டில். அதில் அவள் கணவர் தாஸ். லேத் ஆபரேட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாசற்படியைத் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இராப்போஜன மேசையைப் போட வேண்டியிருந்தது. மருந்து வாசனை, மூத்திரப் பை, நடுவில் பரிசுத்த மேசை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ராணிம்மா, ஆராதனை முடியறவரைக்கும் அவரை உள் ரூமுக்கு மாத்திடலாமா? இல்லேன்னா ஒரு ஸ்கிரீனாவது போட்டுடலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவுரு அங்கதாண்ணே இருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் பாயை விரிக்கப் போய்விட்டாள்.

தாஸ் ஒவ்வொரு ஞாயிறும் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு அவருடைய ஆமென் தனியாக வரும். அதைக் கேட்டுக் குழந்தைகள் சிரிக்கும். போதகர் அதற்காக நிறுத்திக் காத்திருக்கத் தொடங்கினார். எனக்காக யாரும் எதற்கும் காத்திருந்ததாக நினைவில்லை.

3. வயிற்றெரிச்சல்

எனக்கு அந்த வீட்டின் மேல் பொறாமை. ஒரு ஹால், ஒரு சமையலறை, வாசலில் ஒரு தகர ஷீட். அதன் மேல் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆலயத்தில் வேப்பமரத்தடியிலேயே நின்று ஆராதனையை முடித்துக்கொள்ளும் ஆம்பிளைகள் இங்கே முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஆலயத்தில் ஆசீர்வாதம் முடிவதற்குள் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இங்கே டீ குடித்துவிட்டு மதியம்வரை போவதில்லை. நான் பெஞ்சைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தபோது வராதவர்கள், கோரைப்பாய்க்கு இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்தார்கள். நான் மட்டும் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். செக்ஸ்டனுக்கு இடம் கதவுதான். உள்ளே உட்காரச் சொல்லி ராணி பலமுறை கூப்பிட்டாள். "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிடுவேன். ஒரு வேலையும் இல்லை. பூட்டக்கூட அது என் கதவு இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றில்தான் போதகர் பரலோகத்தைப் பற்றிப் பேசினார்.

"பரலோகம்னா நாம செத்துப்போய் மேல ஏறுற இடம்னு நினைச்சிட்டிருக்கோம். கடைசியில நடக்கப்போறது அது இல்ல. ஆண்டவர்தான் இறங்கி வர்றார். ஜனங்க நடுவுல குடியிருக்க வர்றார். அழுறவங்க கண்ணை அவரே துடைக்கப் போறார். அந்த ஊர்ல தனியா கோயில்னு ஒண்ணு கிடையாது. அவரே பக்கத்துல இருக்கும்போது கோயில் எதுக்கு?"

எல்லார் முகமும் மலர்ந்தது. தாஸின் ஆமென் இம்முறை முந்திக்கொண்டு வந்தது. என் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. கோயிலே இல்லையா? அப்படியானால் நான்?

முடிந்ததும் போதகரை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஐயா, கோயில் இல்லாத ஊர்ல செக்ஸ்டனுக்கு என்ன வேலை?"

"உனக்கும் லீவு சாமுவேல், எனக்கும் லீவு" என்று என் தோளில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு விளையாட்டாக இல்லை. அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், "ராணி வீடே நல்லாத்தானே இருக்கு, ரிப்பேரை மெதுவா பாத்துக்கலாமே" என்று வேறு பேசிவிட்டார். அன்றிலிருந்து ஆலயத்தைத் திறந்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. காலையும் மாலையும் மேஸ்திரியின் உயிரை எடுத்தேன்.

"எப்போ முடியும் மேஸ்திரி?"

"பூச்சு காயணும்ண்ணே. அவசரப்பட்டா மறுபடியும் வுழும். அப்புறம் என்னியத்தான் திட்டுவ."

4. திறப்பு

கடைசியில் திறந்தோம். புது வெள்ளை, புது ஃபேன். முந்தின நாள் சாயங்காலமே ராணி வீட்டிலிருந்து எல்லாவற்றையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தாஸ் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.  நான் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பெரிய மணியை ஆசை தீர அடித்தேன். பெஞ்சுகள் நிறைந்தன. ஆம்பிளைகளில் பாதிப்பேர் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஆசீர்வாதம் முடிவதற்குள் பின்வரிசை காலியாயிற்று. எல்லாம் பழையபடி ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். ராணி வரவில்லை. ஆராதனை நடக்கும் வீடு என்ற பேர் போய்விட்டதென்று கோபம்போல, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டும்போதுதான் கைமணி ஞாபகம் வந்தது. அதை மட்டும் அந்த வீட்டில் விட்டு வைப்பானேன் என்று நேராகப் போனேன்.

ஹால் வெறுமையாக இருந்தது. சுருட்டிய பாய்கள் சுவரில் சாய்ந்திருந்தன. மேசை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தாஸ் மட்டும் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அசைவுள்ள கையில் அந்தக் கைமணி.

"வா சாமுவேலு" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வார்த்தை மெதுவாகத்தான் வரும். "அல்லாத்தையும் எடுத்துகினு போய்ட்ட. சாமியையும் எடுத்துகினு போய்ட்டியா?"

ராணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "காலைலேர்ந்து சட்டைய கயட்ட உடலண்ணே. வருவாங்க, வருவாங்கன்னே சொல்லிகினு கீறாரு. எப்டி உட்டுட்டு நான் கோயிலுக்கு வர்றது?"

மணியைக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். செருப்பைக் கழற்றினேன். அத்தனை மாதமும் வாசலிலேயே நின்ற அந்த வீட்டில் முதல்முறையாக உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பிப்பா" என்றார் தாஸ்.

"எனக்கு ஆரம்பிக்கத் தெரியாதே. நான் மணி அடிக்கிறவன்."

"அத்த நான் பாத்துக்கறேன்" என்று அவர் மணியை அடித்தார்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பர்வீன் எட்டிப் பார்த்தாள். "இன்னா ராணி, மணி சத்தம் கேட்டுச்சு. சேர் எடுத்துகினு வரட்டா?"

"எட்த்துகினு வா" என்றார் தாஸ்.

5. கற்றது

அன்று நான் என்ன ஜெபித்தேன் என்று ஞாபகமில்லை. உளறியிருப்பேன். கடைசி ஆமெனுக்குக் காத்திருந்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தைப் பூட்டிவிட்டு அங்கே போனேன். இப்போதும் போகிறேன். சில நாள் போதகரும் பாத்திரப் பெட்டியோடு வருவார். மணி தாஸிடம்தான் இருக்கிறது. ஆலயப் பொருள் பதிவில் அது குறைகிறது என்று யாராவது சொன்னால், என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நன்றாகப் பெருக்குங்கள், மணியை நேரத்துக்கு அடியுங்கள், பாத்திரத்தில் புளி வாசனை இல்லாமல் துலக்குங்கள். பூட்டும்போது மட்டும் ஆண்டவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பொறாமை போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. வீட்டின் மேல் இருந்தது தாஸின் மேல் வந்துவிட்டது. ஆண்டவர் இறங்கி வந்து நம் நடுவில் குடியிருக்கப் போகிறார் என்று போதகர் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். சவரம் செய்து, சட்டை மாட்டி, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் தாஸ் ஒருவர்தான். நான் அப்படி ஒருநாளும் காத்திருந்ததில்லை. சாவி கையில் இருக்கிறவன் யாருக்காகக் காத்திருக்கப் போகிறான்?