நாயனக்காரர் சொன்னது

ஈப்போ பக்கம், லகாட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ஆலை இஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஓர் அயர்லாந்துக்காரர் இருந்தார். மற்றத் துரைமார் ஈப்போவுக்குப் போய்விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தம் ஊர்க் குழலை வாசிப்பார். அதை வாயால் ஊதுவதில்லை. ஒரு கை இடுக்கில் சிறு துருத்தி, மறு கை இடுக்கில் தோல்பை. மடியில் கிடக்கும் குழல்கள் சுருதி பிடிக்க, விரல்கள் பாட்டை ஓட்டும். தோட்டத்தில் அவருக்குத் துருத்தித் துரை என்று பெயர்.

"ஒரே ஆளு நாயனமும் ஊதுறாரு, சுருதிக்கு ஒத்தும் ஊதுறாருலா. நம்ம ஒத்துக்காரன் பொழப்புல மண்ணு," என்று கங்காணி சிரிப்பார்.

அந்தக் குழலை அவரே செய்திருந்தார். கேட்டவருக்கெல்லாம் ஆலை லேத்தில் புல்லாங்குழல் கடைந்து சும்மா கொடுப்பார். என்னிடமும் ஒன்று இருந்தது. குழலுக்கு நாக்கு செதுக்கும் நாணல் தண்டு மட்டும் அவருக்கு இங்கே வாய்க்கவில்லை. ஊரிலிருந்து தங்கை அனுப்பினால் உண்டு.

ஓர் ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்குத் தைப்பிங்கிலிருந்து நாயனக்காரரை வரவழைத்தோம். மாட்டு வண்டியில் வரும்போது அவருடைய பையின்மேல் கங்காணியின் மைத்துனர் உட்கார்ந்துவிட்டார். நாயனத்தின் வாயில் செருகும் சீவாளிகள் அத்தனையும் நசுங்கிப்போயின.

"மெத்தைன்னு நெனச்சிட்டேண்ணே," என்றார் மைத்துனர்.

"சீவாளி இல்லேன்னா இது வெறுங்கட்டை. அடுப்புல வைங்க," என்றார் நாயனக்காரர்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. நசுங்கியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு தகர டப்பாவிலிருந்து நாணல் தண்டு ஒன்றை எடுத்தார். அதுதான் கடைசி. அவருடைய குழலின் நாக்கு அந்த மாதம்தான் பிளக்கத் தொடங்கியிருந்தது. தண்டை அதற்கென்று வைத்திருந்தார். இதைச் சொல்லிவிட்டே கத்தியை எடுத்தார். இரண்டு மாலைகளில் வேலை முடிந்தது. உதட்டில் நனைத்து ஊதிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"உங்கள் நாயனக்காரர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் வந்து சொல்லுங்கள்," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

"எங்க புடிச்சீங்க கிராணியாரே?" என்று கங்காணி கேட்டதும் பினாங்குக் கடை என்றேன். மாட்டிறைச்சி தின்னும் வாய் பட்டது என்று தெரிந்தால் நாயனக்காரர் தொடமாட்டார் என்று நினைத்தேன். அதுவரை அந்தப் பொய்க்கு ஒரு நியாயம் இருந்தது.

திருவிழா அன்று பகல் முழுவதும் நாயனம் பேசியது. கோயில் வேலிக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில், துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். வாசிப்பு முடிந்ததும் நாயனக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இது கடைச் சரக்கில்ல தம்பி. செஞ்சவன் வாசிக்கத் தெரிஞ்சவன். எச்சில் பட்டாத்தான் இந்தப் பதம் வரும். யாரா இருந்தாலும் சரி, சொல்லுங்க, அந்தக் கைக்கு நான் மரியாதை செய்யணும்."

எச்சில் பட்டதென்று அவரே சொல்லிவிட்டார். நான் பயப்பட இனி ஒன்றுமில்லை. துரை இருபது அடி தூரத்தில் நின்றார். பினாங்குக் கடைதான் என்று மறுபடியும் சொன்னேன்.

"அப்ப தேடிக் கொண்டாந்த உங்களுக்குத்தான்," என்று கங்காணி அந்த மரியாதைக்கு வைத்திருந்த மாலையை என் கழுத்தில் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. வேலிக்கு வெளியே துரையும் கைதட்டினார்.

நாயனக்காரர் என்ன சொன்னார் என்று மறுநாள் ஆலையில் துரை கேட்டார். "நன்றாக இருந்தது என்றார்," என்றேன். மாலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகவே, கோயில் கமிட்டியில் இருப்பதால் போட்டார்கள் என்றேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசலில் சத்தமில்லை. தங்கையின் பார்சல் வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது. கப்பலேறப் புறப்பட்டவரை லகாட் ஸ்டேஷனில் வழியனுப்பினேன். குழல் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "அன்றைக்கு அவர் வேறு எதுவும் சொன்னாரா?" என்று கேட்டார்.

சொல்ல நேரம் இருந்தது. ரயில் மெல்லத்தான் நகர்ந்தது.

இல்லை என்றேன்.