புளியங்கொட்டைப் புயல்

சொம்பைக் குலுக்கி நீட்டிவிட்டு வேதகிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மனைவி கனகா உள்ளே கைவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுப்பாள். சுண்ணாம்பு தடவியிருந்தால் இளங்காற்று, வெறும் கொட்டையானால் பலத்த காற்று, சிவப்புப் பெயிண்ட் அடித்தது புயல். இன்னொரு சொம்பில் சிமெண்டின் வலுவுக்கான கொட்டைகள். இரண்டையும் வாங்கி, அந்தக் காற்றில் மாகறல் தண்ணீர்த்தொட்டி எவ்வளவு ஆடும், கால் விரிசல் விடுமா என்று கணக்குப் போடுவார். நூறு தடவையில் எத்தனை தடவை விழுகிறது என்று பார்க்க மறுபடி குலுக்கல்.

பக்கத்து வீட்டுக்காரி நான், சும்மா இருப்பேனா? “நீங்களே எடுத்தா இன்னா?”

“என் கை வேணாங்கா. நான் கட்டுன தொட்டி. கை தானா நல்ல கொட்டையத் தேடிக்கினு போவும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் அது. கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது; எங்கள் உத்திரமேரூர்த் தெருவில் புளியமரம் இருந்தது. இன்ஜினியர்தான், ஆனால் எதையும் அடித்துச் சொல்லமாட்டார். சாப்பிட வருகிறீர்களா என்றால்கூட “அநேகமா” என்பார்.

அவர் கையெழுத்துப் போட்டால்தான் தொட்டியை நிரப்பலாம். மாகறல் பஞ்சாயத்துத் தலைவர் பச்சமுத்து வாசலில் நின்று கத்துவார்: “இன்னா சார், அங்க பொம்பளைங்க ஆத்துல ஊத்து தோண்டிக்கினு கீறாங்க. நீங்க இங்க பல்லாங்குழி ஆடிக்கினு கீறீங்க?”

திடீரென்று ஒரு வாரம் கணக்கில் தொட்டி அசையவே இல்லை. எல்லாம் இளங்காற்று. பச்சமுத்து பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். வாங்கிய வேதகிரி கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார்.

“ஏன் கனகா, சிவப்பே வர்லியே?”

அவள் கை இடுப்புக்குப் போயிற்று. அவர் அங்கே செருகியிருந்த முந்தானை நுனியை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். சிவப்புக் கொட்டைகள் தரையில் உருண்டன.

“தூக்கமே இல்லாம கெடக்கறீங்க. உங்க தொட்டி வுழறத என் கையாலியே எடுத்துக் குடுக்கணுமா?” என்றாள்.

அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொம்பில் போட்டுக் குலுக்கி, அவளிடமே நீட்டினார். முகம் சுவர்ப்பக்கம். அவளும் எடுத்தாள். கணக்கில் தொட்டி அங்கங்கே விழத்தான் விழுந்தது.

தொட்டிக் கால்களுக்கிடையே குறுக்கு உத்திரம் கட்டிய பிறகுதான் கையெழுத்து. பச்சமுத்து அந்தக் கோடை முழுக்க அவரோடு பேசவில்லை. ஐப்பசியில் நிஜப்புயல் வந்தது. எங்கள் வீட்டு ஆட்டுக்கல் ஓரிக்கை ஊர் வரை பறந்துபோய், மனசு கேட்காமல் தானே திரும்பி வந்தது. சந்தேகமிருந்தால் கல்லைக் கேளுங்கள். தொட்டி நின்றது. விடிந்ததும் குடத்தோடு வந்த பச்சமுத்துதான் குழாயை முதலில் திறந்தார்.

பத்து வருஷம் ஆயிற்று. இப்போது வேதகிரியின் ஆபீஸில் கம்ப்யூட்டரே கொட்டை பொறுக்குகிறதாம். “அதுக்குப் பொடவ கெடையாதுக்கா” என்று கனகா சிரிக்கிறாள். ஆனாலும் கணக்கு ரொம்ப நன்றாக வந்துவிட்டால், வேதகிரி தாளை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற அவள் முந்தானை நுனியை இழுத்து, விரலால் தடவிப் பார்க்கிறார்.