உப்பைக் குறைக்கச் சொல்ல ஊருக்குப் போனேன்

பனிக்காலம் தொடங்கியதும் எங்கள் தெருவில் மஞ்சள் லாரி ஒன்று உப்பைத் தூவிக்கொண்டு போகும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நான் குடியிருக்கும் ஊரில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரோட்டில் ஐஸ் பிடித்தால் கார் வழுக்கும், உப்பு போட்டால் ஐஸ் உருகும், அவ்வளவுதான். ஆனால் மரக்காணத்தில் உப்பளக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு, இத்தனை வருஷம் ஆகியும் அதன்மேல் கால் வைக்க மனசு வரவில்லை. ஓரமாக ஒதுங்கி எட்டி எட்டி நடப்பேன். ஒருநாள் பக்கத்து வீட்டு இயன் பார்த்துவிட்டு, காலில் அடியா என்று கேட்டார். "இல்லை, உப்பை மிதிக்கக் கூடாது" என்றேன். ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார். மறுநாள் என் வாசலில் ஒரு டப்பா இருந்தது. தோல் ஷூவில் உப்புக்கறை படியாமல் தடவும் மெழுகு! நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். விளக்கம் சொல்லத் தோதான நேரம் இன்னும் வரவில்லை.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்துகிறேன். நான் விஞ்ஞானி இல்லை, மேனேஜர். அரசாங்கம் பள்ளிகளில் சமைத்துப் போடும் சாப்பாட்டில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் என்ன ஆகிறது, அதை எப்படி ஒரு கொள்கையாக்குவது என்பதுதான் ஆராய்ச்சி. அனுமதி வாங்குவதும், கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானம் பண்ணுவதும் என் வேலை. தமிழ்நாட்டிலும் ஓர் இடம் வேண்டும் என்றபோது, எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் புதுச்சேரிக் கல்லூரி ஓர் ஊரைச் சொல்லியனுப்பியது. பேராசிரியர் ஃபியோனா கூட்டத்தில் அதை "மேராக்கேனம்" என்று வாசித்தார். எந்த ஊர் என்று ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை. திரையில் வரைபடம் விரிந்த பிறகுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையும், அதன் ஓரத்தில் சதுரம் சதுரமாக எங்கள் உப்புப் பாத்திகளும் தெரிந்தன.

அன்று மத்தியானமே அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்குப் பிறகு ஏழுமலை அண்ணன்தான் உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

"என்னா சொல்ற நீ? உப்ப கம்மியா துன்னுங்கன்னு நம்ம ஊர்லயே வந்து சொல்லப் போறியா?"

"பசங்களோட சத்துணவுல மட்டும்தாண்ணா. அப்புறம், இஷ்டப்பட்ட பெரியவங்களுக்கு பிரஷர் பாக்கப் போறோம்."

"வேற ஊரே கெடைக்கலயா உனக்கு?" போனை வைத்துவிட்டார்.

வேறு ஊரைக் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் அப்பா, அறுபதைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒருநாள் பிரஷர் ஏறி, பாத்தி வரப்பில் பக்கவாதம் வந்து விழுந்தவர். எனக்கு அந்த ஊர்தான் வேண்டியிருந்தது.

சித்திரை வெயிலில் போய் இறங்கினேன். திட்டத்துக்கு நர்ஸாகச் சேர்ந்திருந்தவர் கோட்டக்குப்பத்து ரெஹானா. கணவர் துபாயில், இவர் பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். "உங்க ஊர்ல வந்து உப்ப கொறைங்கன்றது, எங்க வீட்டு கல்யாணத்துல வந்து பிரியாணி வேணான்ற மாதிரிக்கா" என்று வழியெல்லாம் சிரித்தார். சமுதாயக் கூடத்தில் நான் பேச ஆரம்பித்ததும், "சோடியம் உட்கொள்ளும் அளவு" என்று என் வாயில் ஏதோ ஒரு தமிழ் வந்தது. எனக்கே அது அந்நியமாக இருந்தது. முதலில் எழுந்தவர் அண்ணன்தான்.

"ஏம்மா, நீ படிச்சது, பிளேன் ஏறுனது, எல்லாம் உப்பால. இப்ப அதே உப்பு வெசமா?"

"விஷம்னு சொல்லலண்ணா..."

"எங்க பொழப்புல மண்ண போடாத." வெளியே போய்விட்டார். கூடத்தில் பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள். ஊர் சம்மதிக்காவிட்டால் திட்டத்தின் இந்தியப் பகுதியே நின்றுபோகும். ஆனால் அதைவிட, அண்ணன் இனிமேல் என்னோடு பேசாமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

மறுநாள் காலை அண்ணி கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தார். "கோவத்துல எதுவும் குடிக்காமலே பூட்டாரும்மா, நீயே எடுத்துனு போ." ரெஹானாவும் நானும் ஸ்கூட்டியில் போனோம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அண்ணன் எங்களைப் பார்த்துத் திரும்பினார். கால் தள்ளாடியது. உப்பு வாரும் பலகையை ஊன்றியபடி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ரெஹானா ஓடிப்போய் அவர் கையில் பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார், பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"அண்ணே, மாத்திரை எதுனா போடறீங்களா?"

"முன்ன குடுத்தாங்க. நல்லா ஆயிடுச்சின்னு நிறுத்திட்டேன்."

"வீட்ல உப்பு எவ்ளோ வாங்குவீங்க?"

"உப்ப நாங்க எங்க வாங்கறோம்? அள்ளிக்கறதுதான்."

குடிக்கத் தண்ணீர் எங்கே என்று நான் கேட்டேன். ரோட்டோரம் நின்ற பைக்கைக் காட்டினார். அதில் ஒரே ஒரு பாட்டில் தொங்கியது. அந்த ரோடு வரைக்கும் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை.

"அப்பாவுக்கும் இப்டித்தாண்ணா ஆரம்பிச்சிருக்கும்" என்றேன். கூட்டத்தில் பேசிய தமிழ் இல்லை அது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ ஊர்ல இல்ல."

"இல்லண்ணா. இப்ப இருக்கேன்ல, ஏந்திரு."

பலகையை வரப்பின்மேல் வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்.

அன்றே ஃபியோனாவை வீடியோவில் அழைத்தேன். வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் இல்லாமல் அவர்களிடம் உப்பைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியாது என்றேன். அது திட்டத்துக்குள் வராதே என்றார். அப்படியானால் இந்த ஊரும் வராது என்றேன். மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெயிலையும் குடிநீரையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். அதைக் காட்டிப் பஞ்சாயத்தில் கேட்டதும் உப்பளத்தோரம் தண்ணீர்த் தொட்டி வந்தது. பக்கத்திலேயே கீற்றுக்கொட்டகை போட்டது அண்ணன். அடுத்த கூட்டத்தில் எனக்கு முன்னால் அவரே எழுந்தார்.

"உப்பு விக்காதன்னு இவ சொல்லல. பசங்க சாம்பார்ல கொஞ்சம் கொறைக்கலான்றா. செஞ்சிதான் பாப்போமே."

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். அண்ணனுக்கு பிரஷர் இறங்கியிருக்கிறது. போன் செய்தால், "உன்னால கருவாட்டு ருசியே மறந்து போச்சி" என்று அலுத்துக்கொள்கிறார். பின்னால் அண்ணி சிரிப்பது கேட்கிறது.

நான் இங்கே திரும்பி வந்துவிட்டேன். இந்த ஊரில் மழை ஓய்வதில்லை. குடையை விரித்ததும் என் கை தானாகக் கைபேசியில் மரக்காணத்து வானிலையைத் திறக்கும். பாத்தியில் உப்பு விளையும் மாதங்களில் அங்கே ஒரு மழை பெய்தால் போதும், விளைந்ததெல்லாம் கரைந்துபோகும். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற வயதான அம்மா, "மோசமான நாள், இல்லையா?" என்றார். என் கையிலிருந்த திரையில் மேகமே இல்லாமல் ஒரு முழுச் சூரியன். "ரொம்ப நல்ல நாள்" என்றேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். திரையைப் பார்த்துக்கொண்டு குடையைச் சாய்த்துவிட்டதில் என் வலது தோள் முழுக்க நனைந்திருந்தது.