வாட்ச்மேன் ஒப்புக்கொள்ளாத முகம்

மாஸ்டருக்குக் கறுப்பு என்ற வார்த்தை வாயில் வராது. காமிரா கறுப்பு, குடை கறுப்பு என்றெல்லாம் சொல்லுவார். மனிதர் கறுப்பாக இருந்தால் மட்டும், "வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்பார். அப்பா விட்டுப்போன போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வருகிற முகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் வெள்ளையாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாலும் எல்லோரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போல இருப்பார்கள். யாரும் குறை சொன்னதில்லை. சொல்வார்களா என்ன!

அவரிடம் தொழில் பழக வந்தவர் அவரைவிட மூத்தவர். துணிக்கடை வேலை போனபின் வந்து சேர்ந்த அக்கா. இவரை "மாஸ்டர்" என்பார், கோபம் வந்தால் "தம்பி" என்பார். அக்கா நல்ல கறுப்பு.

குழந்தையை அழாமல் உட்காரவைப்பது, மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரியாமல் எடுப்பது, சிரிக்க மறுக்கும் மாமனார்களைச் சமாளிப்பது என்று மாஸ்டர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். கறுப்பு முகத்துக்கு விளக்கை எங்கே வைப்பது என்று அக்கா கேட்டால் மட்டும், "அதக் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாங்கா" என்று தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அக்கா மனசு நோகக் கூடாதாம். நல்ல எண்ணம்தான். சொல்கிற எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புகைப்படக்காரர் வேலைக்கு அக்காவை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அந்த வேலை கிடைத்தால்தான் மகளின் படிப்பு தொடரும். அழைப்பு அட்டைக்கான படத்தை மாஸ்டரே எடுத்தார். எப்போதையும்விட அக்கறையாக வேலை செய்து, தானே ஒட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். பஸ் பிடிக்கும் அவசரத்தில் அக்கா பிரித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "தங்கச்சி வரலையாம்மா?"

"இது நான்தாங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

அக்கா போன் செய்ததும் மாஸ்டர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்தார். உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"இவங்கதான் சார் அது. நான்தான் எடுத்தேன்."

"அப்புறம் ஏன் வேற ஆளு மாதிரி இருக்கு?" என்றார் வாட்ச்மேன்.

"அது... வெளிச்சம் கொஞ்சம் கம்மி..."

"வெயில் மண்டையப் பொளக்குது. வெளிச்சத்துக்கு என்ன குறை?"

"தம்பி," என்றார் அக்கா. "கறுப்புன்னு சொல்லுங்க. பொறந்ததுலேர்ந்து கேக்கற வார்த்தைதான். நீங்க சொல்லாம முழுங்கறதுதான் வலிக்குது, எனக்கு ஏதோ வியாதி இருக்கற மாதிரி."

மாஸ்டர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "அக்கா கறுப்பு சார். நான் வெள்ளையாக்கிட்டேன்." யாரும் கேட்காமலே இன்னொன்றும் வந்தது. "கறுப்பு முகத்துக்கு எப்படி லைட் வைக்கறதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. எங்கப்பாவுக்கும் தெரியாது. அதான் பேச்சையே எடுக்கல."

வாட்ச்மேன் தன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் எப்போதோ மாஸ்டர் ஸ்டுடியோவில் எடுத்த படம்தான். அதில் இருந்தவரும் வேறு யாரோ.

"உள்ள போங்கம்மா," என்றார்.

வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி அட்டைக்கு மறுபடி ஒரு படம் வேண்டியிருந்தது. வந்த வாடிக்கையாளர்களைத் திருப்பியனுப்பிவிட்டு, இரண்டு பேரும் விளக்கை அங்கே இங்கே நகர்த்திச் சண்டை போட்டார்கள். கடைசியில் விழுந்த படத்தில் அக்கா அக்காவாகவே இருந்தார். மாஸ்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் அவர் கை மவுஸ் பக்கம் நகர்ந்தது.

"தம்பி!"

கையை எடுத்துவிட்டார்.